நிலத்தடி நீரும் நீதிமன்ற வாசலும்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையில் சேரும் மாரிநீரே மக்களின் உயிர்நிலை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக 2015இல் உயர் நீதிமன்றத்தை நாடியவர் அவ்வூரவரல்லர். ரவீந்திர காரியவசம் என்னும் சூழலியலாளர். அவருக்கு வழக்குரிமை இல்லையென மின்னுற்பத்திக் கம்பனி வாதிட்டது. உரிமை மீறப்பட்டவரே, நேரிலோ சட்டத்தரணி மூலமோ, மனுச்செய்யலாம் என்பதே அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் வாசகம். எனினும், பொதுநலன் கருதி வந்தவரை நீதிமன்றம் ஏற்றது. 2019 ஏப்ரலில், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கம்பனியைப் பணித்தது.

இதன் வரலாற்றுப் பொருள் யாது? சாதியின் பேரால் கிணற்றில் நீரள்ளும் உரிமையே மறுக்கப்பட்ட மண் இது. காணியற்ற கூலி விவசாயி கொழும்புவரை சென்று வழக்காடுவது எங்ஙனம்? வேலிக்கு அடங்காத நீருக்காக வழக்காடும் உரிமை, காணிக்காரனோடு நின்றுவிடலாகாது.