சிலேயில் கல்வி சந்தைக்கு வந்த கதை

பள்ளிக்கூடங்களை அரசே நடத்த வேண்டியதில்லை, பெற்றோர் கையில் கல்விக்கான கூப்பனைக் கொடுத்தால் போதும் என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் எழுதினார். அந்த யோசனை நாடு தழுவிய சட்டமானது தென் அமெரிக்காவின் சிலேயில். 1973-இல் ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த பினோசேயின் அரசில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய பொருளியலாளர்களே கொள்கை வகுத்தனர். 1981-இல் அரசுப் பள்ளிகள் நகராட்சிகள் வசம் போயின. தனியார் பள்ளிகளுக்கும் மாணவர் வருகையைக் கணக்கிட்டு மானியம் கிடைத்தது. பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் புகுந்தது.

இதன் அடியில் மனிதனைப் பற்றிய ஒரு பார்வை இருந்தது. படிப்பு என்பது ஒருவர் தன்மீதே போட்டுக்கொள்ளும் முதலீடு என்பதைக் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' நூல் விரித்துரைத்தது. பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷெல் ஃபூக்கோ, 1979-இல் பாரிஸில் ஆற்றிய உரைகளில் இக்கருத்தை ஆராய்ந்தார். எல்லாவற்றையும் சந்தையிடம் விடும் புதிய தாராளவாதம் மனிதனைத் தனக்குத்தானே முதலாளியாகப் பார்க்கிறது என்பது அவர் கண்டது. அப்படிப்பட்டவனுக்குத் தோல்வியும் தன் தவறான முதலீடாகவே படும். பள்ளியையோ அரசையோ கேள்வி கேட்க அவனுக்குத் தோன்றாது. இக்கொள்கை செய்யும் ஆழமான சேதம் இதுதான்.

ஜனநாயகம் திரும்பிய பிறகும் ஏற்பாடு மாறவில்லை. மானியம் பெறும் பள்ளிகள் பெற்றோரிடமும் கட்டணம் வாங்க 1993-இல் வழி பிறந்தது. எவ்வளவு கட்ட முடியுமோ அதற்கேற்ற பள்ளி என்று குழந்தைகள் வருமானவாரியாகப் பிரிந்தனர். 2010-இல் சிம்சே என்ற தேசியத் தேர்வின் முடிவுகளைக் கல்வி அமைச்சகம் வரைபடமாக்கிப் பெற்றோருக்குத் தந்தது. அதில் ஒவ்வொரு பள்ளியும் சிவப்பு, மஞ்சள், பச்சை என ஏதோ ஒரு நிறத்தில் இருந்தது. ஏழைப் பகுதிகளில் சிவப்பே மிகுதி. பள்ளியின் மதிப்பெண்ணோடு வீட்டின் வறுமைக்குள்ள தொடர்பை அந்த நிறம் சொல்லவில்லை.

படிப்பை முதலீடாகக் கணக்குப் போடப் பழக்கப்பட்ட தலைமுறையே எதிர்த்து நின்றது. கருநீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பள்ளி மாணவர்கள் 2006-இல் வீதிக்கு வந்தபோது, அது 'பென்குவின் புரட்சி' எனப் பெயர் பெற்றது. 2011-இல் பல்கலைக்கழக மாணவர்கள் இலவசக் கல்வி கேட்டு மாதக்கணக்கில் போராடினர். 2005-இல் சட்டமான அரசு உத்தரவாத வங்கிக் கல்விக் கடனில் பல குடும்பங்கள் அப்போது சிக்கியிருந்தன.

மானியப் பள்ளிகளில் லாபம், கட்டணம், மாணவரை வடிகட்டிச் சேர்ப்பது ஆகியவற்றுக்கு முடிவு கட்டும் சட்டம் 2015-இல் வந்தது. 2016 முதல் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கின்றனர். மாணவர் வருகையைக் கணக்கிட்டு மானியம் தரும் 1981-இன் முறை மட்டும் இன்னும் தொடர்கிறது.