தேயிலைப் பெட்டியும் ஒலிப்பெட்டியும்

இல்லத்தில் இசை கேட்பதற்கு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்க முற்படுவோர் முதலில் கேட்கும் வினா, "இது எந்த மரம்?" என்பதாகும். தேக்கு என்றும் வால்நட் என்றும் விடை வரும். உண்மையில் அப்பெட்டியின் உடல் வேறு, தோல் வேறு. உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை அல்லது மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் ஒட்டியிருப்பது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கனமுள்ள மரத்தகடு. தச்சர் இதனை வினியர் என்பர். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் நமக்கு இத்தகட்டின் வரலாறு அயலானதன்று. நம் தேயிலையோடு பின்னிப் பிணைந்தது அது.

மரத்தகடு ஒட்டுதல் ஏமாற்று வேலை என எண்ணுவோர் உளர். அது மிகப் பழைய கலையாகும். 1922-ஆம் ஆண்டு எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட தூத்தன்காமன் கல்லறையில், கருங்காலித் தகடும் தந்தத் தகடும் பதித்த பேழைகள் இருந்தன. அரிய மரத்தைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தும் பொருட்டே அக்காலத்தார் இம்முறையைக் கண்டனர்.

நம் தீவின் மரங்களும் உலகின் பேழைகளை அலங்கரித்தன. முதிரை மரத்தின் பொன்னிறத் தகடு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் உயர்ந்த தளபாடங்களில் இடம்பெற்றது. அதனினும் அரியது, பழுப்பும் கருமையும் வரிவரியாய் ஓடும் கலமந்தர் மரம். இலங்கைக்கே உரிய இம்மரத்தை முதலில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மறுநடுகையைக் கருதாது வெட்டினர். விளைவு யாது? 1859-இல் தம் இலங்கை நூலை வெளியிட்ட எமர்சன் டெனன்ட், அம்மரம் மிக அருகிவிட்டதை அப்போதே எழுத நேர்ந்தது. அழகிய தகட்டை விரும்பும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இது.

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் தோன்றிய இலைநோய் பின்னர் கோப்பித் தோட்டங்களை அழித்ததும் யாவரும் அறிந்தவை. தேயிலை பெருகவே அதனை ஏற்றப் பெட்டிகள் தேவைப்பட்டன. கனத்த மரப்பெட்டி கப்பற்கூலியை உயர்த்தும். ஈரம் புகுந்தாலோ தேயிலை கெடும். இக்குறைக்குத் தீர்வாக வந்தது ஒட்டுப்பலகை. உருளும் மரத்தைக் கூரிய அலகால் தொடர்ச்சியாகச் சீவித் தகடாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக, நார் குறுக்கு நெடுக்காக அமையும்படி ஒட்டினால் அது மெலிதாயினும் வலிதாகும். எஸ்தோனியாவின் லூதர் ஆலை செய்த ஒட்டுப்பலகைகள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல் தேயிலைப் பெட்டிகளாயின. இரண்டாம் உலகப்போர் இறக்குமதியைத் தடுத்தபோது, காலியை அடுத்த கிந்தோட்டையில் அரசே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை நடத்தலாயிற்று. பின்னர்த் தாட்சாக்குகள் வந்து அப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இப்பெட்டிக்கு ஒரு விந்தையான பிற்பிறப்பும் உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் இளைஞர் வெற்றுத் தேயிலைப் பெட்டியில் ஒரு கழியும் ஒரு கயிறும் பொருத்தி, அதனைத் தாழ்சுருதிக் கருவியாக்கினர். 1957-இல் ஜோன் லெனனின் குவாரிமென் குழுவிலும் இக்கருவி இருந்தது. தேயிலையைக் காத்த பெட்டி இசையையும் எழுப்பியது!

இங்கே ஒரு நுட்பம் உளது. இசைக்கருவியின் மரம் அதிரவேண்டும். வீணையின் பலாமரக் குடம் அதிர்வதாலன்றோ நாதம் பிறக்கிறது! ஒலிபெருக்கிப் பெட்டியோ அதிரலாகாது. பாடகரின் குரலோடு தன் குரலையும் அது சேர்த்தால் கேள்வி கெடும். இன்றைய ஒலிபெருக்கிகளின் மூலமான அசையுஞ்சுருள் அமைப்பை ரைஸ், கெல்லொக் என்னும் இருவர் அமெரிக்காவில் விளக்கியது 1925-ஆம் ஆண்டு. அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பில் வானொலி தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ஆங்கிலேயரின் மர்பி வானொலிப் பெட்டிகள், ஆர். டி. ரசலின் வடிவமைப்பில், ஒட்டுப்பலகையும் மரத்தகடுமாக வெளிவந்தன. 1970-களில் பி.பி.சி. பொறியியலாளர் மெல்லிய பூர்ச்ச ஒட்டுப்பலகையின் உட்புறம் அதிர்வடக்கும் பூச்சிட்டு, சிறு பெட்டியிலும் தெளிந்த குரலைப் பெற்றனர். அப்பெட்டிகளின் மேற்றகடு தேக்காயினும் வால்நட்டாயினும் ஒலி ஒன்றே. ஆகவே மேற்றகட்டைத் தேர்வது காதின் பொருட்டன்று, கண்ணின் பொருட்டே.

ஆயினும் மலைநாட்டில் வேறொன்றும் கருதத்தக்கது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவின் பனியும் ஈரமும் மரத்தை வீங்கவும் சுருங்கவும் செய்யும். மரநார்ப் பலகையின் விளிம்பில் நீர் புகுந்தால் அது ஊதிவிடும். ஒட்டுப்பலகை இதனினும் தாங்கும். தகட்டை ஒரு புறம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும்; ஆதலின் இருபுறமும் ஒட்டுதல் வேண்டும். அரக்கு மெருகு ஈரத்தில் வெண்படலம் கொள்ளும். எனவே நீர் புகாத வார்னிஷ் பூசுவதே நலம்.

இறுதியாக, எந்த மரம்? நம் தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தையே யான் முன்மொழிவேன். தமிழகத்தார் சவுக்கு என்பது வேறு மரம். நாம் கூறுவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவிலியா. அந்நாட்டார் இதனைப் பட்டு ஓக் என்பர். நடுவிலிருந்து புறநோக்கி அறுத்தால் அதன் கதிர்கள் பட்டுச்சரிகை போல மின்னும். அயல்நாட்டினர் விலைகொடுத்து வாங்கும் இவ்வழகு, கொழுந்து கொய்யும் நம் தாய்மாரின் தலைமேல் நாள்தோறும் நிழல் விரித்து நிற்கிறது. ஆனால் அத்தாய்மார் பலர் அதனை விறகாக மட்டுமே கண்டுள்ளனர். கலமந்தரைப்போல் காட்டை அழித்துப் பெறவேண்டிய மரமுமன்று இது. தோட்டத்தில் நட்டு, வளர்த்து, வெட்டி, மீண்டும் நடக்கூடியது.

தேயிலைப் பெட்டிக்குத் தகடு அயல்நாட்டிலிருந்து வந்த காலம் ஒன்றிருந்தது. நம் குரலை ஒலிக்கும் பெட்டிக்கேனும் நம் மலையின் மரம் தகடாகட்டும்.