நூல் பக்க வடிவமைப்பு

தாள் அளவு, ஓரங்கள், எழுத்துரு, வரி நீளம், வரி இடைவெளி ஆகியவற்றை வாசிப்புக்கு இசைவாகத் தீர்மானிக்கும் கலை. இதன் அடிப்படை அலகு தனிப் பக்கம் அன்று; விரித்த நூலில் அருகருகே தெரியும் இரு பக்கங்களே.

ஓரங்கள்: இடைக்காலக் கையெழுத்து நூல்களை அளந்து ஆராய்ந்த ஜெர்மானிய வடிவமைப்பாளர் யான் சிக்கோல்டு (1902–1974), 2:3 விகிதப் பக்கத்துக்கு உள், மேல், வெளி, கீழ் ஓரங்கள் முறையே 2:3:4:6 என அமைந்ததை 1953இல் எடுத்துக்காட்டினார். இதில் எழுத்துப் பரப்பின் உயரம் பக்கத்தின் அகலத்துக்குச் சமம். நடுவிலுள்ள இரு உள் ஓரங்களும் சேர்ந்து ஒரு வெளி ஓரத்தின் அகலத்துக்குச் சமம். பெங்குவின் பதிப்பகத்தில் 1947–49இல் பணியாற்றியபோது, அச்சுக்கோப்புக்கு அவர் வகுத்த விதிகள் மலிவுப் பதிப்புகளுக்கும் அழகைக் கொண்டுவந்தன.

தமிழ்ப் பக்கம்: இகர, ஈகாரக் குறிகள் மேலேயும் உகர, ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால் வரி இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். சொற்கள் நீளமானவை; குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் சொற்களிடையே பெரிய வெள்ளை இடைவெளிகள் விழும். சொல்லை உடைக்கும்போது புள்ளி எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது.

பயிற்சி: நன்கு அச்சான நூலொன்றை அளவுகோலால் அளந்து, அதன் பக்கத்தை பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலோ இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸிலோ மீண்டும் அமைத்துப் பார்ப்பது சிறந்த தொடக்கம்.