பால்தேத்தண்ணியும் ஒரு மாநிலத்தின் பானமும்



2022 மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாய்க்கு ஏறியது. ஒரு கோப்பை பால்தேத்தண்ணி 100 ரூபாய் ஆனது. தேயிலை மலைகள் சூழ்ந்த எங்கள் பலாங்கொடையிலும் பலர் பிளேன்டிக்கு மாறினோம். தேயிலைக்கு இங்கே குறைவில்லை. இல்லாமல் போனது பால்தான்.

எங்கள் மாணவர்கள் 'பசு எமக்குப் பால் தரும்' என்று கொப்பியில் எழுதுகிறார்கள். நாங்களும் சரி போடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் குடிப்பது கப்பலில் வந்த பால்மா. இது எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு தூர தேசத்துக் கதை. அமெரிக்காவில் மாநிலங்கள் தமக்கென மலர், பறவை போல ஒரு பானத்தையும் சட்டம் போட்டு அறிவிப்பதுண்டு. 1965இல் ஒஹாயோ தக்காளிச் சாற்றை அறிவித்தது. பிறகு பல மாநிலங்கள் பாலைத் தேர்ந்தெடுத்தன. நியூயோர்க் 1981இலும் விஸ்கொன்சின் 1987இலும் பாலை அரச பானமாக்கின. இதனால் யாரும் பால் குடித்தே ஆகவேண்டும் என்றில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அந்த மரியாதைக்குப் பின்னால் நூறு வருட உழைப்பு இருக்கிறது. விஸ்கொன்சின் முதலில் கோதுமை நாடு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மண் களைத்தது, பூச்சியும் நோயும் பயிரைத் தின்றன. விவசாயிகள் மாடு வளர்ப்புக்குத் திரும்பினார்கள். 1872இல் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட் என்ற பத்திரிகையாளரும் வேறு சிலரும் சேர்ந்து பாற்பண்ணையாளர் சங்கம் ஒன்றை அமைத்தனர்.

ஆனாலும் ஒரு தகராறு தீரவில்லை. பாலுக்கு நிறைப்படி காசு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் கலக்காதவனுக்கும் ஒரே விலை. 1890இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்கொக் ஒரு வழி கண்டார். அளந்த பாலில் கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து, போத்தலின் கழுத்தில் வந்து நிற்கும். அங்கே கோடு பார்த்து அளக்கலாம். நல்ல பாலுக்கு நல்ல விலை கிடைத்தது. அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

இதை வாசித்தபோது நாங்கள் சிறு வயதிலிருந்து கேட்ட கதை ஞாபகம் வந்தது. இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரழி) அவர்கள் காதில் ஒரு தாயும் மகளும் பேசுவது விழுகிறது. பாலில் தண்ணீர் கலக்கச் சொல்கிறாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று மறுக்கிறாள் மகள். அந்தப் பெண்ணையே தன் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள் என்பது வரலாறு. மனச்சாட்சி ஒரு பக்கம், சரியான அளவை மறு பக்கம். பால் வியாபாரத்துக்கு இரண்டும் வேண்டும்.

நமக்குக் கிட்டிய உதாரணம் குஜராத். இடைத்தரகர்கள் கொடுத்த விலையால் நொந்த கைரா மாவட்டத்து விவசாயிகள், 1946இல் பாலைக் கொடுக்க மறுத்து நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தங்களுக்கென்று கூட்டுறவு அமைத்தார்கள். அதுதான் பிறகு அமுல் ஆனது. ஓரிரு மாடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து செய்த வேலை அது.

எங்கள் நாடும் முயற்சி செய்யாமல் இல்லை. 1954இல் சட்டம் மூலம் தேசிய பால் சபை உருவானது. சேகரிப்பு நிலையங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. ஆனால் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டுப் பால்மா கடைகளை நிரப்பியது. கெட்டுப் போகாது, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, கரைத்தால் போதும். 1986இல் பால் சபையின் வேலை ஒரு கம்பனிக்குக் கைமாறியது. இன்றைய மில்கோ அதன் வழிவந்ததுதான். ஒரு கிலோ முழு ஆடைப் பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் வேண்டும். அந்தப் பாலை நியூசிலாந்து மாடுகள் தந்தன, நாங்கள் டொலர் தந்தோம். 2021இல் டொலர் தீர்ந்தபோது பக்கெட்டும் தீர்ந்தது.

இனி எங்கள் மலைக்கு வருவோம். தோட்ட லயங்களில் மாடு வளர்ப்பது பழைய வழக்கம். காலையில் கொழுந்துக்குப் போகுமுன் பால் கறப்பதும், வேலை முடிந்து வரும்போது தலையில் புல்லுக்கட்டோடு வருவதும் பெண்கள்தான். சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு உரம். பால் டவுனுக்கு. டவுனில் அதைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தவை எங்கள் ஆட்களின் தேத்தண்ணிக் கடைகள். லயத்துக்கும் கடைத் தெருவுக்கும் இடையில் தினமும் நடந்த உறவு அது.

அந்த உறவு அறுந்ததற்குப் பால்மா மட்டும் காரணமல்ல. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று இரு அரசுகள் முடிவு செய்தன. கப்பலேறியவர்கள் மாட்டைக் கூட்டிப் போக முடியாது. தங்கியவர்களுக்கும் நிலம் சொந்தமில்லை. மாட்டுப் பட்டி நிற்பது தோட்டத்தின் நிலத்தில், புல் அறுப்பது தோட்டத்தின் ஓடைக்கரையில். நிர்வாகம் வேண்டாம் என்றால் மாடு போய்விடும். முன்னைய வீட்டுத் திட்டங்களில் கொடுத்த 7 பேர்ச் காணி சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடு கட்டிய பிறகு மாடு எங்கே நிற்கும்?

விஸ்கொன்சின் விவசாயிக்குச் சொந்த நிலம், சங்கம், நேர்மையான அளவை மூன்றும் இருந்தன. அதனால்தான் கடைசியில் பாலுக்கு மகுடம் சூட்ட முடிந்தது. எங்கள் தோட்டத்துத் தாயிடம் உழைப்பு மட்டுமே இருக்கிறது. உள்ளூர்ப் பால் பெருகவேண்டும் என்று மேடைகளில் பேசுபவர்கள், அவளுக்குப் பட்டி போட ஒரு துண்டு நிலத்தைப் பற்றியும் பேசவேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியது சிறியது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் வாரத்தில் சில நாட்களாவது அவரிடம் பசும்பால் வாங்குவோம். பேரம் பேசாமல் வாங்குவோம். கட்டாயம் கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கடை வைத்திருக்கும் சகோதரர்களும் யோசியுங்கள். பழைய உறவைத் திரும்பத் தொடங்க ஒரு கேத்தல் பால் போதும்.

உங்கள் வீட்டில், லயத்தில் மாடு இருந்ததா? அதன் பெயர் என்ன, பால் எந்தக் கடைக்குப் போனது? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாளை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு அவை வேண்டும்.