பெற்றவர் பெறாதவர்க்கு

பயணம் என்றதும் நம் மக்கள் நெஞ்சில் எழுவது யாது? பாவம் தொலையக் காசிக்குப் போவது! மூச்சு நின்றதும் ஊர்கூடி ‘இறுதிப் பயணம்’ நடத்துவது! இடையிலே கிடக்கும் வாழ்வுக்கு வழி எது என்று கேட்டவர் உண்டா? உண்டு, தோழர்களே! சங்கப் புலவர் கேட்டனர்.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். ஆறு என்றால் வழி; ஆற்றுப்படுத்தல் என்றால் வழிகாட்டல். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனைக் காண்கிறான். தான் பெற்றதை மறைத்து ஒதுங்கவில்லை. போய்ச் சேரும் வழியைச் சொல்கிறான். ஐந்தில் ஒன்று முருகனிடம் அனுப்புகிறது. ஏனைய நான்கும் மனிதனிடமே அனுப்புகின்றன!

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனைச் செலுத்துகிறது. உப்பு வணிகரின் வண்டி, மிளகுப் பொதி சுமந்த கழுதை, சுங்கம் வாங்கும் பெருவழி, எயினர் குடில், உழவர் மனை, எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதுவரை, 500 அடிகளில் விரிகிறது அந்தப் பயணம். ஆனால் வழியின் முடிவில் நிற்பது வள்ளலின் வாயில். கலைஞன் கையேந்தித்தான் வாழ வேண்டியிருந்தது. அந்தக் குறையையும் மறைக்காமல் சொல்வதே வரலாறு.

அதே தொண்டை நாட்டுத் திருப்பெரும்புதூரில், 1017இல் பிறந்தவர் என வைணவ மரபு கூறும் இராமானுசரின் கதையும் ஒரு பயணக் கதையே. மந்திரப் பொருளை அறியத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தாராம். வெளியிட்டால் நரகம் என்று எச்சரித்தாராம் ஆசிரியர். அவரோ கோபுரத்தின் மீதேறி எல்லோருக்கும் சொன்னாராம். நரகத்தையும் நாம் நம்பவில்லை, மந்திரத்தையும் நாம் நம்பவில்லை. ஆயினும் கேட்கிறோம்: அறிவுக்கு ஏன் பூட்டு? ஒருவன் அறியப் பதினெட்டு நடை ஏன்? பூட்டியவரை விட்டு, திறந்தவரை ஊர் நினைவில் வைத்திருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

கோபுரத்தின் மேலிருந்து குரல் கேட்டது. கோபுரத்தைச் சுற்றிய தெருவோ திறக்கவில்லை! 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஈழவரும் தாழ்த்தப்பட்டோரும் நடக்கத் தடை. நாய் நடக்கலாம், மனிதன் நடக்கக் கூடாது! ஈரோட்டிலிருந்து சென்றார் பெரியார், இருமுறை சிறைப்பட்டார், நாகம்மையாரும் களம் புகுந்தார். 1925 இறுதியில் அந்தச் சாலைகளில் பெரும்பகுதி திறந்தது. தான் நடக்கத் தடையில்லாத ஒருவர், நடக்க முடியாதவர்க்காகப் போன பயணம் அது.

இன்று இளந்திரையன் இல்லை, இயந்திரம் இருக்கிறது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் இன்னொரு கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. வறண்ட ஊர்களிலிருந்து பெண்கள் பெட்டி தூக்கி வருகிறார்கள். விடுதியிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து விடுதிக்கும் பேருந்தில் போகிறார்கள். கையேந்த வரவில்லை, உழைக்க வருகிறார்கள்! பாணனுக்கு இல்லாத பெருமை இது.

ஆனால் 2021 டிசம்பரில் நடந்தது என்ன? விடுதி உணவே நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது, விடுதியும் உணவுக்கூடமும் தரம் தாழ்ந்திருந்தன என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது, அடுத்த மாதமே ஆலை மீண்டும் இயங்கியது. எந்த மனையில் என்ன சோறு கிடைக்கும் என்று பாணனுக்குச் சொன்ன நாட்டில், எந்த விடுதியில் என்ன சோறு என்று இந்தத் தங்கைகளுக்குச் சொன்னவர் யார்?

அந்த ஆற்றுப்படையை இனி நாம் எழுத வேண்டும். ஊதியச் சீட்டைப் படிப்பது எப்படி, வருங்கால வைப்பு நிதி என்றால் என்ன, ஒப்பந்தத் தொழிலாளிக்கு உள்ள உரிமை எது, சங்கம் எங்கே என்று, முன்னே போன அக்கா பின்னே வரும் தங்கைக்குச் சொல்லட்டும். படித்த இளைஞன் ஊர்ப் படிப்பகத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். பரிசில் வாயிலில் முடிந்த பழைய வழி, உரிமை வாயில்வரை நீளட்டும்!