சதையி அழற்சியும் தீவகத்தில் அதற்கான சிகிச்சையும்

சதையி அழற்சி என்பது இரைப்பைக்குப் பின்னால் முள்ளந்தண்டின் முன்புறமாகக் குறுக்கே கிடக்கும் சதையி, திடீரெனவோ நாட்பட்டோ வீங்கிப் புண்ணாகும் நோய். தமிழகத்தில் இதைக் கணைய அழற்சி என்பர். ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள இவ்வுறுப்பு நாளொன்றுக்கு ஒரு லிற்றருக்கு மேற்பட்ட செரிமானச் சாற்றைச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது; இன்சுலினையும் சுரக்கிறது. சாற்றிலுள்ள நொதியங்கள் குடலை அடையுமுன்பே செயற்பட்டுச் சதையியையே செரிக்கத் தொடங்கினால் நோய் மூளும். புங்குடுதீவு போன்ற தீவில் இந்நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை முதல் சில மணித்தியாலங்கள். வலி எத்தகையது என்று உணர்வதும், நோயாளியை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சத்திரசிகிச்சைக்கு முன்னே வரும் சிகிச்சைகள்.

வலியை இனங்காணல்

யாழ்ப்பாணப் பேச்சில் மேல்வயிற்று வலி எதுவானாலும் 'கஸ்ரைரிஸ்' அல்லது 'வாய்வு' என்ற பெயருக்குள் அடங்கிவிடுகிறது. சோடா குடித்து, ஓமத்தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று காத்திருப்பது வழக்கம். சதையி அழற்சியின் வலி அப்படிக் காத்திருக்கக்கூடியது அன்று. மேல்வயிற்றில் தொடங்கி முதுகை ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னுக்குக் குனிந்திருந்தால் சற்றுக் குறையும். வாந்தி எடுத்தும் ஆறுதல் கிடைக்காது.

இதே இடத்து வலி மாரடைப்பிலும், பித்தப்பை அழற்சியிலும், குடல் அடைப்பிலும், இரைப்பைப் புண் துளைவிட்ட நிலையிலும் வரும். ஆகவே முதலில் இதயத்தின் ஈ.சீ.ஜீ. எடுக்கப்படுகிறது. துளைவிட்ட புண்ணுக்கும் சதையி அழற்சிக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் கனமானது: முன்னதற்குச் சில மணித்தியாலங்களுக்குள் வயிற்றைத் திறந்து துளையை மூட வேண்டும், பின்னதில் முதல் நாட்களில் வயிற்றைத் திறப்பதே ஆபத்து. நிமிர்ந்த நிலையில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் பிரிமென்றகட்டின் கீழ் காற்றுத் தெரிந்தால் குடலிலோ இரைப்பையிலோ துளை உள்ளது என்று பெரும்பாலும் உறுதியாகும்.

1992 இல் வகுக்கப்பட்டு 2012 இல் திருத்தப்பட்ட அற்லான்ரா வகைப்பாட்டின்படி, இந்நோய்க்குரிய வலி, குருதியில் அமிலேசு அல்லது லைப்பேசு வழமையின் மேல்வரம்பைவிட மும்மடங்கோ அதற்கு மேலோ இருத்தல், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி.

காரணங்கள்

பித்தப்பைக் கல்லும் மதுசாரமுமே உலகெங்கும் முதன்மைக் காரணங்கள். சிறிய கல் ஒன்று பித்தக்குழாய் வழியே இறங்கி, சதையிக் குழாயும் சேரும் வாயிலை அடைத்தாலே போதும். குருதியில் ட்ரைகிளிசரைட் டெசிலீற்றருக்கு 1000 மி.கி. அளவைத் தாண்டுதல், கூகைக்கட்டு, சில மருந்துகள், வயிற்றில் படும் அடி, பூச்சிநாசினி நஞ்சு ஆகியனவும் காரணமாகலாம்.

தீவிலிருந்து வைத்தியசாலைக்கு

புங்குடுதீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவும் சத்திரசிகிச்சை நிபுணர்களும் உள்ள யாழ் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. வேலணைக்கும் அங்கிருந்து பண்ணைக்கும் கடலூடே தாம்போதி இருப்பதால் புங்குடுதீவார் தரைவழியே போகலாம். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை இப்பாதைக்குப் பெரும் துணை. நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் முதலில் குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகில் வர வேண்டும். இரவிலும் கடல் கொந்தளிக்கும் காலத்திலும் அந்தத் தாமதத்தை எந்த மருந்தும் ஈடுசெய்யாது. கடுமையான வாந்தியும் வலியும் உள்ளவருக்குத் தீவிலேயே சேலைன் தொடங்கி, வலிநிவாரணி கொடுத்து, மாலைக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

விடுதியில்

ஐந்தில் நால்வர் அளவினருக்கு நோய் மிதமானது. ஒரு வாரத்துக்குள் தணியும். சிகிச்சையின் உயிர்நாடி நீர்ச்சத்து, வலி அடக்கல், ஒட்சிசன், இடைவிடாத கண்காணிப்பு. முன்பு சேலைனை வெள்ளமாய் ஏற்றுவதே நல்லது என்று நம்பினர். ஸ்பெயின் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2022 இல் வெளியான ஆய்வில், அப்படி ஏற்றியவர்களில் 20.5 சதவீதத்தினருக்கும், அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் உடலில் நீர் மிகுந்து தொல்லை ஏற்பட்டது. நாட்கணக்காகப் பட்டினி போடும் பழக்கமும் கைவிடப்பட்டுள்ளது. வாந்தி நின்று பசித்தால் உண்ணலாம். தொற்று இல்லாதபோது முன்காப்பாக அன்ரிபயற்றிக் கொடுப்பதால் பயனில்லை.

சத்திரசிகிச்சை எப்போது

உறவினர் பலமுறை கேட்கும் கேள்வி, ஏன் இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை என்பது. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் தொலைபேசியில் அதே கேள்வி வரும். அந்தப் பதற்றம் நியாயமானது. அதற்கு நின்று விடை சொல்வதும் மருத்துவத்தின் பகுதியே. நோய் கடுமையானால் சதையியின் ஒரு பகுதி அழிந்துபோகும்; அழிந்த இழையம் முதல் வாரங்களில் நல்ல இழையத்தோடு பிணைந்திருக்கும். அப்போது வெட்டினால் குருதி பெருகும், நல்லதும் சேர்ந்து போகும். நான்கு வாரமளவில் அழிந்த பகுதியைச் சுற்றிச் சுவர் உருவாகிவிடும். அதன்பின் அகற்றுவது எளிது.

2010 இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு இப்போக்கை நிலைநிறுத்தியது. அழிந்த இழையத்தில் தொற்றுள்ள 88 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நேரடியாக வயிறு திறக்கப்பட்டது. மற்றவர்களுக்கு முதலில் குழாய் வைத்துச் சீழ் வடிக்கப்பட்டது, தேவையானால் மட்டும் சிறு துளைவழி சத்திரசிகிச்சை நடந்தது. பெருஞ்சிக்கலோ மரணமோ நேர்ந்தது முதல் குழுவில் 69 சதவீதம், இரண்டாம் குழுவில் 40 சதவீதம். குழாய் வைக்கப்பட்டவர்களில் 35 சதவீதத்தினருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

காத்திருக்கக் கூடாத சத்திரசிகிச்சையும் ஒன்றுண்டு. கல்லால் வந்த மிதமான அழற்சி தணிந்ததும், வீட்டுக்கு அனுப்புமுன்பே பித்தப்பையை அகற்றிவிட வேண்டும். 2015 இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், ஒரு மாதமளவு தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதத்தினர் மீண்டும் கல்லின் தொல்லையால் அனுமதிக்கப்பட்டனர் அல்லது இறந்தனர்; உடனே செய்துகொண்டவர்களில் இது 5 சதவீதம். படகேறி மீண்டும் வர வேண்டிய நெடுந்தீவாருக்கு இவ்விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

யாழ்ப்பாணத்துப் பின்னணி

1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவரது 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867 இல் தமிழில் வெளிவந்தது. கடுமையான சதையி அழற்சியை மருத்துவர் ரெஜினால்ட் ஃபிற்ஸ் விரிவாக விளக்கியது அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின், 1889 இல். அதுவும் கிறீன் பிறந்த மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரனில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது.

நாட்பட்ட நிலை

தொடர்ந்து குடிப்பவர்களிடம் அழற்சி மீண்டும் மீண்டும் வந்து, சதையி தழும்பாகிக் கற்கள் படியும். மது அருந்தாத இளைஞரிடமும் இது வருவதுண்டு. 1959 இல் இந்தோனேசியாவில் சுயிடெமா விவரித்த இவ்வகையைக் கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் பெருந்தொகையான நோயாளிகளிடம் ஆராய்ந்தார். தமிழகத்திலும் இது அறியப்பட்டது. மரவள்ளிக்கிழங்கே காரணம் என்ற பழைய கருத்து நிறுவப்படவில்லை. பிற்கால ஆய்வுகள் மரபணு மாற்றங்களைச் சுட்டின. சதையிக் குழாய் விரிந்து வலி தீராதபோது, அதைப் பிளந்து சிறுகுடலோடு இணைக்கும் முறை 1960 இலும், சதையித் தலையின் ஒரு பகுதியையும் குடைந்தெடுக்கும் ஃபிறேயின் முறை 1987 இலும் விவரிக்கப்பட்டன.

சத்திரசிகிச்சை வலியைத் தணிக்கும். இழந்த சுரப்பை மீட்காது. கொழுப்பு மிதக்கும் மலமும் உடல் மெலிவும் கண்டால் நொதியக் குளிசையை உணவோடு சேர்த்து விழுங்க வேண்டும். அது பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுவது; சைவ உணவினரிடமும் முஸ்லிம்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லி அவர்களின் சம்மதத்தைப் பெறுவது முறை. நீரிழிவு பின்னர் தோன்றலாம் என்பதால், ஊர் வைத்தியசாலைக் கிளினிக்கில் குருதிச் சீனியை ஒழுங்காகப் பார்த்துவர வேண்டும்.