பூநகரியில் வளவுக்கு என்ன விலை?

மேசன் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். விற்கிற யோசனையோடு வீடு திருத்துகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: டைல்ஸ் பதித்தால் விலை கூடுமா?

எங்கள் தகப்பன்மார் காலத்தில் காணி பார்க்க வருகிறவர் வீட்டுக்குள் நுழையமாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார். உவர் என்றால் பேச்சு அதோடு சரி. அடுத்து வளவிலுள்ள பனைகளைப் பார்ப்பார். மண்சுவரும் ஓலைக்கூரையும் விலையில் சேராது. நினைத்தவருக்கு விற்கவும் முடியாது. 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டப்படி, பிறத்தியாருக்குக் கொடுக்குமுன் பங்காளிகளைக் கேட்கவேண்டும்.

பிறகு போர். அது முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது: ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை தவணையாக. சிலர் நகையை அடகு வைத்து முன்னால் போட்டிக்கோவும் இறக்கினார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காணி விலையைத் தூக்கிவிட்டது 2011 தையில் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். அதுவரை யாழ்ப்பாணம் போகக் கேரதீவுக்குக் கடல் கடக்கவேண்டும், இல்லையேல் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றவேண்டும். எந்த மேசனும் அப்படியொரு திருத்தத்தை வீட்டில் செய்துவிட முடியாது.

விற்க நினைப்பவர்களே, கிணற்றை இறைத்துத் தூர்வாரிக் கட்டுங்கள். எல்லை வேலியை அடையுங்கள். உறுதியை ஒழுங்காக்கி வையுங்கள். டைல்ஸை வாங்குகிறவர் தன் விருப்பப்படி பதித்துக்கொள்ளட்டும்.